இரத்தம் படிவம் 4-இல், பாடம் படிவம் 5-இல்

நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை நடக்கிறது. சுகாதார அமைச்சு 2016 முதல் நாடு முழுவதும் நடத்திவரும் இலவசத் திட்டம் இது. ஆனால், எஸ்.பி.எம். உயிரியலில் மரபுவழி பற்றிய பாடம் வருவதோ படிவம் 5-இல், பதினோராவது அத்தியாயமாக. அதாவது, அறிவியல் பிரிவு மாணவர்கள் முதலில் கையை நீட்டி இரத்தம் கொடுக்கிறார்கள். எதற்காகக் கொடுத்தோம் என்பதை அடுத்த ஆண்டுதான் படிக்கிறார்கள்.

வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸில் உயிரியல் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போகிறேன். என் மாணவர்கள் மரபியல் கணக்குகளில் கெட்டிக்காரர்கள். பட்டாணிச் செடியா, பழ ஈயா, இரத்த வகையா, எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு விகிதத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால், "உன் படிவம் 4 இரத்தப் பரிசோதனை முடிவு என்ன?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சிலர், "அம்மா பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை, சார்" என்கிறார்கள். ஒரு மாணவி மட்டும் வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து, "எனக்கு இருக்கிறதாம் சார். யாரிடமும் சொல்லக் கூடாது, நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்" என்றாள்.

மாணவர்களே, பெற்றோர்களே, இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். மரபியலைப் பத்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்துவிட்டு, வீட்டில் அதையே இரகசியமாக மூடி வைப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு என்பது என் கருத்து.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

நம் இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் கொண்டு செல்வது அதுதான். அதன் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியை உருவாக்கும் கட்டளை 11-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று அப்பா கொடுத்தது, மற்றொன்று அம்மா கொடுத்தது.

இரண்டில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால், மற்ற பிரதி வேலையைச் சமாளித்துவிடும். அப்படிப்பட்டவர் ஓடுவார், ஆடுவார், படிப்பார், வேலைக்குப் போவார், பிள்ளை பெறுவார். சிவப்பணுக்கள் சற்றுச் சிறியதாக இருக்கும். சிலருக்கு இலேசான இரத்தசோகை இருக்கலாம். அவர் நோயாளி அல்லர். மரபணுவைச் சுமப்பவர், மலாயில் 'பெம்பாவா' என்கிறார்கள்.

இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் நிலைமை வேறு. அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் கடும் இரத்தசோகை தொடங்கும். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு சேரும் இரும்புச்சத்து இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனியாக மருந்து வேண்டும். வாய்வழி மருந்துகள் வருவதற்கு முன்பு, வாரத்தில் ஐந்தாறு இரவுகள் தோலுக்கடியில் ஊசி குத்தி, சிறு பம்பு மூலம் மணிக்கணக்கில் மருந்து செலுத்திக்கொண்டே பிள்ளைகள் தூங்கினார்கள். பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைத்து மாற்று சிகிச்சை செய்தால் குணமாகலாம். ஆனால், அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பள்ளியில் எடுக்கும் இரத்தத்தில் முதலில் சிவப்பணுக்களின் அளவையும் அவற்றில் உள்ள ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கிறார்கள். ஒரு சிவப்பணுவில் சராசரியாக 27 பிகோகிராம் அல்லது அதற்கும் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால், அடுத்தகட்டச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவாலும் இப்படி வரலாம் என்பதால், அடுத்தகட்டச் சோதனை முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டும். "வெளுத்துப் போயிருக்கிறாள்" என்று சொல்லி, மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பது சரியல்ல.

மெண்டலின் கட்டம் நம் வீட்டிலும் உண்டு

இதன் கணக்கை நமக்குத் தந்தவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசில் உள்ள புரூனோ நகர மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஏழு பண்புகளை ஆராய்ந்து, 1866-இல் முடிவுகளை வெளியிட்டார். உருண்டை விதை, சுருங்கிய விதை ஆகிய இரண்டையும் கலந்து வந்த செடிகளை மீண்டும் இனப்பெருக்கம் செய்தபோது 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அவர் 1884-இல் இறந்தார். உலகம் அவருடைய கண்டுபிடிப்பின் அருமையை உணர்ந்தது 1900-இல்தான்.

மெண்டல் கண்டது என்ன? சுருங்கிய பண்பு ஒரு தலைமுறையில் மறைந்துபோகும், ஆனால் அழிந்துபோகாது. உள்ளே ஒளிந்திருந்து, அதே பண்பைச் சுமக்கும் இன்னொன்றோடு சேரும்போது வெளியே வரும். இதைத்தான் ஒடுங்கு பண்பு என்கிறோம். தலசீமியா இதே வழியில் வருவதுதான். தாத்தா காலத்திலிருந்து யாருக்கும் நோய் இல்லாத குடும்பத்தில் திடீரென்று ஒரு குழந்தைக்கு வருவதற்குக் காரணமும் இதுதான்.

வழக்கமான மரபணுவை 'வ' என்றும், மாறிய மரபணுவை 'ம' என்றும் வைத்துக்கொள்வோம். தந்தை வம, தாயும் வம. இருவரும் நலமாக இருக்கிறார்கள். கட்டம் போட்டால் வவ, வம, மவ, மம என நான்கு வாய்ப்புகள். முதல் பிள்ளை முற்றிலும் வழக்கமானது. நடுவில் உள்ள இருவரும் பெற்றோரைப் போலச் சுமப்பவர்கள். நான்காவதற்குத்தான் நோய்.

இப்போது தந்தை வம, தாய் வவ என்று போட்டுப் பாருங்கள். வவ, வவ, மவ, மவ. பாதிப் பேர் சுமப்பவர்கள்; ஒருவருக்குக்கூட நோய் இல்லை. என் மாணவியின் வீட்டார் அறிய வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது. சுமப்பவருக்குத் திருமண வாழ்க்கையில் எந்தத் தடையும் இல்லை. துணைவரும் சோதித்துக்கொண்டால் போதும். துணைவருக்கு அந்த மரபணு இல்லையென்றால், அந்த நோயோடு பிள்ளை பிறக்குமோ என்று அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

'நான்கில் ஒன்று' என்றால் என்ன?

தேர்வில் சரியாக எழுதும் மாணவர்களே வாழ்க்கையில் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, நான்கில் ஒன்று முடிந்தது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று நினைப்பதுதான் அது.

காசைச் சுண்டும்போது முன்பு என்ன விழுந்தது என்பது காசுக்குத் தெரியாது. கருத்தரிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக நான்கில் ஒரு வாய்ப்பு. சுமப்பவர்களான தம்பதிக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தால், நால்வருமே நோயின்றி இருக்க 256-க்கு 81 வாய்ப்பு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 32. ஒருவருக்காவது நோய் வர நூற்றுக்கு 68. மெண்டல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை எண்ணியதால் விகிதம் அழகாக வந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் விகிதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்ற பேச்சை நம்பி இருந்துவிட முடியாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதே கட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. நோயுள்ள குழந்தை பிறந்தால், "உன் வீட்டு இரத்தம்" என்று மருமகளைக் குத்திக்காட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'மம' என்ற இரண்டு எழுத்துகளில் ஒன்று அப்பா கொடுத்தது. அவரும் கொடுக்காமல் அந்தக் குழந்தைக்கு அந்த நோய் வந்திருக்காது. இந்தக் கட்டத்தைப் படித்த மகனோ மகளோ வீட்டில் இருக்கும்போது, ஒரு பெண்மீது மட்டும் அந்தப் பழி விழக் கூடாது.

நம்மவர்களுக்கு வராதா?

"இது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் வருவது" என்று சிலர் சொல்கிறார்கள். தேசியத் தலசீமியா பதிவேட்டில் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள் என்பதும், சபாவின் கடசான் டூசூன் மக்களும் சீனர்களும் அடுத்து வருகிறார்கள் என்பதும் உண்மை. இந்தியர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால், குறைவு வேறு. இல்லை என்பது வேறு. அதோடு, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்புத் திருமணங்கள் புதிதல்ல. நம் நாட்டில் ஹீமோகுளோபின் 'ஈ' என்ற இன்னொரு மாற்றமும் பரவலாக உள்ளது. ஒருவர் பீட்டா தலசீமியாவையும், துணைவர் ஹீமோகுளோபின் ஈயையும் சுமந்தால், அவர்கள் பிள்ளைக்கும் நோய் வரலாம். மரபணு அடையாள அட்டையில் உள்ள இனத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை.

தமிழர் வாழும் மண்ணிலும் இதற்கு உறவான ஒரு மாற்றம் உண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் வடிவச் சிவப்பணு மரபு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதுவும் ஹீமோகுளோபின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான். அதுவும் ஒடுங்கு பண்பாகவே குடும்பத்தில் இறங்குகிறது.

இந்த மாற்றங்கள் ஏன் இவ்வளவு பேரிடம் இருக்கின்றன? இதற்கான விடையைக் கிள்ளான்காரர்கள் நன்றாகப் புரிந்துகொள்ளலாம். 1901-இல் கிள்ளானில் பணிக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் கண்டது மலேரியாவால் மடிந்துகொண்டிருந்த ஊரை. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், அந்தக் காய்ச்சலால் முடங்கும் நிலைக்கு வந்தது. வடிகால் வெட்டிச் சதுப்பு நீரை வெளியேற்றியே அவர் நோயைக் கட்டுப்படுத்தினார். காடழித்துத் தோட்டம் போட்ட நம் முன்னோர் எத்தனையோ பேரை மலேரியா கொண்டுபோனது.

வடிகாலும் மருந்தும் இல்லாத பல ஆயிரம் ஆண்டுகளில், இப்படிப்பட்ட ஒரு மரபணுவைச் சுமந்தவர்கள் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பினார்கள். தப்பியவர்கள் பிள்ளை பெற்றார்கள், மரபணு பரவியது. பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949-இல் முன்வைத்த இந்தக் கருத்தைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. (இதே ஹால்டேன் பின்னாளில் இந்தியாவில் குடியேறி அங்கேயே மறைந்தார்.) ஆகவே, சுமப்பவரைக் குறையுள்ளவர் என்று பார்ப்பதைவிட, மலேரியாவை வென்று வந்த ஒரு பரம்பரையின் வாரிசு என்று பார்ப்பதே அறிவியலுக்குப் பொருந்தும்.

தாய்மாமன் திருமணமும் கணக்கும்

நம் சமுதாயத்துக்கே உரிய இன்னொரு கேள்வியையும் பேசியாக வேண்டும். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம், மாமன்-மருமகள் போன்ற நெருங்கிய உறவுகளுக்குள் திருமணத்தைத் தடை செய்கிறது. ஆனால், 11-ஆவது பிரிவில் இந்துக்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கப்படி ஓர் இந்து, தன் அக்காள் அல்லது தங்கை மகளை மணக்கலாம். அத்தை மகள், மாமன் மகன் என்ற முறைத் திருமணங்களும் நம்மிடம் உண்டு.

நான் இந்த வழக்கத்தை இகழ்பவன் அல்லன். இப்படி மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால், கணக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு.

ஒரு பாட்டி ஒடுங்கு மரபணு ஒன்றைச் சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய மகனுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மகள் வழியாகப் பேத்திக்கு வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த மகனும் பேத்தியும், அதாவது தாய்மாமனும் மருமகளும், மணந்தால் இருவருமே சுமப்பவராக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அவர்களுடைய ஒரு பிள்ளைக்கு நோய் வர 32-இல் ஒன்று. முறைப்பெண், முறைமாப்பிள்ளை மணந்தால் அது 64-இல் ஒன்று. அந்த மகன் வெளியே பெண் எடுத்து, வெளியாரில் இருபதில் ஒருவர் சுமப்பவர் என்றே வைத்துக்கொண்டாலும் 160-இல் ஒன்றுதான் வருகிறது. மரபணு எவ்வளவுக்கு அரிதோ, அந்த வித்தியாசம் அவ்வளவுக்குப் பெரிதாகும்.

ஆகவே, சொந்தத்தில் மணக்க நினைக்கும் குடும்பம் திருமணத்துக்கு முன்பே மருத்துவரிடம் போய்க் குடும்ப நோய் விவரத்தைச் சொல்லி ஆலோசனை கேட்பது நல்லது. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசு சுகாதாரக் கிளினிக்கிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லலாம்.

சைப்ரஸ் காட்டிய வழி

மத்தியதரைக் கடலில் உள்ள சிறிய தீவு நாடான சைப்ரஸில் ஏழு பேருக்கு ஒருவர் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர். நாட்டின் இரத்தக் கையிருப்பும் மருந்துச் செலவும் தாங்காத நிலை வந்தது. பள்ளிகளிலும் ஊர்களிலும் விளக்கம் கொடுத்தார்கள். 1980-களில் தேவாலயத் திருமணத்துக்கு முன் சோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சான்றிதழில் என்ன இருந்தாலும் திருமணத்தைத் தடுக்கவில்லை, முடிவு மணமக்களுடையது. இருவருமே சுமப்பவர்கள் என்று தெரிந்த ஜோடிகளில் பெரும்பாலோர் திருமணத்தைக் கைவிடவும் இல்லை. தெரிந்துகொண்டு, மருத்துவர் துணையோடு குடும்பத்தைத் திட்டமிட்டார்கள். கடும் நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பூஜ்யத்தை நெருங்கியது.

இங்கும் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முடிவை மறைக்கும் பழக்கம் இருக்கும்வரை, கட்டாயச் சோதனை பயத்தைத்தான் வளர்க்கும். முதலில் புரிதல் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். படிவம் 4-இல் இரத்தம் எடுப்பதற்கு முந்தைய வாரம் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த நான்கு கட்டங்களைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். படிவம் 4 அறிவியல் பாடநூலில் மரபியல் இருப்பதால் கலைப்பிரிவு மாணவர்களுக்கு அது ஓரளவு தெரியவரும். உயிரியல், வேதியியல், இயற்பியல் எடுத்தவர்களுக்குத்தான் அது ஓராண்டு தள்ளிப்போகிறது.

பெற்றோர்களே, ஒப்புதல் பாரம் வீட்டுக்கு வரும்போது கையெழுத்துப் போடுங்கள். முடிவு வந்ததும் அதைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிள்ளை சுமப்பவர் என்றால், அந்த மரபணு உங்களில் ஒருவரிடமிருந்து வந்தது. நீங்களும் மற்ற பிள்ளைகளும் கிளினிக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கல்யாணப் புடவையும் தாலியும் வாங்க நாள் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஜாதகப் பொருத்தம் பார்க்க அலைகிறோம். அதற்கு முன்பே ஒரு காலைப்பொழுதை இரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்குவது பெரிய காரியமல்ல.

மாணவர்களே, உங்கள் பங்குதான் முக்கியம். பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறீர்கள். பாட்டிக்கும் அத்தைக்கும் அதைத் தமிழில் சொல்லக் கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். அல்லீல், ஹெட்டரோசைகஸ் என்ற சொற்கள் வேண்டாம். "பாட்டி, எல்லாருக்கும் இரண்டு சீட்டு இருக்கிறது, அப்பா ஒன்று, அம்மா ஒன்று கொடுக்கிறார்கள்" என்று தொடங்கினால் போதும். பாட்டியின் இரத்த வகை, உடன்பிறந்தவர்கள், சிறுவயதில் இறந்துபோன பிள்ளைகள் என்று கேட்டு ஒரு குடும்ப மரம் வரைந்து பாருங்கள். மரபுவழிப் பாடம் தானாக மனத்தில் பதியும்.

என் மாணவியிடம் அன்று நான் சொன்னது இதுதான்: "நீ நோயாளி இல்லை. உன் கையில் இருப்பது ஒரு தகவல். உன்னை மணக்கப்போகிறவரிடமும் அந்தத் தகவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்." அடுத்த வாரம் அவள் தன் அம்மாவுக்குக் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் தம்பிக்கும் பார்க்க வேண்டாமா?" என்பது.

அந்தக் கேள்வி நம் எல்லா வீடுகளிலும் எழ வேண்டும். இந்த ஆண்டு படிவம் 4-இல் இருக்கும் பிள்ளையின் பையில் அந்தப் பாரம் கசங்கிக் கிடக்கலாம். இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.